வியாழக்கிழமை எட்டாம் பாடவேளை

இலங்கையின் மலையகத்தில், மஸ்கெலியாவிலிருந்து மேலே ஏறிச் செல்லும் தோட்டப் பாதையொன்றின் முடிவில், தேயிலை மலைக்கும் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வரிசைக்கும் நடுவே நிற்கும் ஒரு பாடசாலையில் 2012 முதல் 2023 வரை நான் அதிபராகக் கடமையாற்றினேன். முதலாம் தரம் முதல் பதினோராம் தரம் வரை வகுப்புகள் இருந்தன. நானூறுக்குச் சற்றுக் கூடுதலான பிள்ளைகளும் இருபத்திரண்டு ஆசிரியர்களும் இருந்தோம். ஓய்வு பெற்ற பின்னர் என்னைச் சந்திக்கும் இளைய அதிபர்கள் கட்டடத்தைப் பற்றியும் பெறுபேற்றைப் பற்றியும் சிறிது விசாரித்துவிட்டு, கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வருகிறார்கள்: "உங்கட ஆசிரியர்கள் ஒன்றாக வேலை செய்தார்களாமே, அது எப்படி நடந்தது?" தேநீர் குடித்து முடிக்கும் நேரத்துக்குள் சொல்லிவிடக்கூடிய பதில் என்னிடம் இல்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். என் பிழைகளும் அதில் அடங்கும். அவற்றை விட்டுவிட்டு எழுதினால் வாசிப்பவருக்குப் பயன் இராது.

மலையகப் பாடசாலையைப் பற்றிப் பேசும்போது அது எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், ஆறு வயது முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகங்களிடம் ஒப்படைத்தது. நிர்வாகங்கள் அந்தப் பொறுப்பை இயன்ற அளவு குறைந்த செலவில் நிறைவேற்றின. பெரும்பாலான தோட்டங்களில் ஒரு கொட்டகையும் ஒரு வாத்தியாருமே பாடசாலையாக இருந்தன. 1970களில் பெருந்தோட்டங்கள் அரசுடைமையான பின்னர்தான் இப்பாடசாலைகள் படிப்படியாக அரச முறைக்குள் வந்தன. என் அம்மா படித்ததும் அத்தகைய ஒரு கொட்டகையில்தான். இறக்கும்வரை அவர் 'வாத்தியார்' என்ற சொல்லை ஒருமையில்தான் பயன்படுத்தினார்; ஒரு பாடசாலையில் பல வாத்தியார்கள் இருப்பார்கள் என்பது அவருடைய அனுபவத்தில் இல்லாத ஒன்று. ஆசிரியர் என்றால் தனியொருவராக நின்று எல்லா வகுப்பையும் சுமப்பவர் என்ற எண்ணம் இப்படித்தான் எங்கள் பகுதியில் வேரூன்றியது.

1993 இல் நான் நியமனம் பெற்றுச் சென்ற பாடசாலையில் ஐந்து வகுப்புகள் தடுப்புச் சுவரின்றி ஒரே மண்டபத்தில் நடந்தன. பக்கத்து வகுப்பு ஆசிரியரின் குரல் நாள் முழுவதும் என் காதில் விழும். அவர் பெருக்கல் வாய்பாட்டை எந்த இராகத்தில் சொல்லிக்கொடுப்பார் என்பதுகூட எனக்கு மனப்பாடம். ஆனால் ஏன் அப்படிக் கற்பிக்கிறீர்கள் என்று ஒரு நாளும் நான் அவரிடம் கேட்டதில்லை. அவரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்று இருவருமே நினைத்தோம். பின்னாளில் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்காகப் படித்தபோது, டான் லோர்ட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975 இல் எழுதிய ஆய்வை எங்களுக்கு அறிமுகப்படுத்தினார்கள். ஆசிரியர்கள் ஒருவரையொருவர் காணாமல் தத்தம் அறைக்குள் வேலை செய்யும்படி அமைந்த பாடசாலையை, ஒவ்வொரு முட்டைக்கும் தனிக்குழி கொண்ட முட்டைப் பெட்டியோடு அவர் ஒப்பிட்டிருந்தார். எங்கள் மண்டபத்தில் சுவரே இல்லை. ஆனாலும் நாங்கள் ஆளுக்கொரு குழிக்குள்தான் இருந்தோம் என்பதை அன்றைக்கு உணர்ந்தேன்.

இவ்வளவு தெரிந்திருந்தும், அதிபராகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் நான் செய்தது ஒன்பது குழுக்களை அமைத்ததுதான். ஒழுக்காற்றுக் குழு, வாசிப்புக் குழு, சுகாதாரக் குழு, பரீட்சைக் குழு என்று பெயர்களைத் தட்டச்சு செய்து காரியாலயச் சுவரில் ஒட்டினேன். ஒவ்வோர் ஆசிரியரும் குறைந்தது மூன்று குழுக்களில் இருந்தார். வெளிவாரி மதிப்பீட்டுக்கு வந்தவர்கள் சுவரைப் பார்த்துப் பாராட்டிச் சென்றார்கள். ஆனால் அந்தக் குழுக்களின் கூட்ட அறிக்கைகள் யாவும் மதிப்பீட்டுக்கு முந்திய வாரத்தில் ஒரே பேனாவால் எழுதப்பட்டவை; அது எனக்கும் தெரியும், எழுதியவர்களுக்கும் தெரியும். அண்டி ஹார்கிறீவ்ஸ் என்ற கல்வியாய்வாளர் இத்தகைய ஏற்பாட்டைச் செயற்கையான கூட்டுறவு என்று விவரிக்கிறார்: மேலிடத்தின் கட்டளைக்காக, குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் கூடி, குறித்த படிவத்தை நிரப்பிக் கலைவது. நிர்வாகத்துக்கு அது வசதியானது. எதிர்பாராதது எதுவும் அங்கே நிகழாது. எதிர்பாராதது எதுவும் நிகழாத கூட்டத்தில் ஓர் ஆசிரியர் எதைக் கற்றுக்கொள்வார்?

இரண்டாவது பிழை அதைவிடப் பெரியது. பதினோராம் தர முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வந்த வாரத்தில் ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டி, பாடவாரியாகச் சித்தி வீதங்களை உரக்க வாசித்தேன். மிகக் குறைந்த வீதத்தை வாசித்தபோது ஒரு கணம் நிறுத்தி, அந்தப் பாட ஆசிரியரைப் பார்த்தேன். வேண்டுமென்றே பார்த்தேன், வெட்கப்பட்டால் முயல்வார் என்று எண்ணினேன். அவர் தலை குனிந்திருந்தார். அடுத்த ஆண்டு இடமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டார். அந்தப் பாடத்துக்குப் பதிலாள் கிடைக்க ஏழு மாதங்கள் ஆயின. அவர் எங்கள் பிள்ளைகளுக்காக மாலை வகுப்பு நடத்தியவர். மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்ட நாட்களில் நடந்தே வந்தவர். அவருக்கு நான் இழைத்தது அநீதி. அந்த ஏழு மாதங்களும் அவருடைய வகுப்பைக் கடந்து செல்லும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்வேன்.

ஆசிரியர் ஓய்வறையை உற்றுப் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். எங்கள் ஓய்வறையில் ஒரு நீண்ட மேசை இருந்தது. ஹட்டனிலிருந்தும் டிக்கோயாவிலிருந்தும் பஸ்ஸில் வருபவர்கள் யன்னல் பக்கம் அமர்வார்கள். பஸ் வரும் பாதை அங்கிருந்து தெரியும். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்து அங்கேயே குடியிருக்கும் ஆரம்பப் பிரிவு ஆசிரியைகள் கதவுப் பக்கம் அமர்வார்கள். பலருக்கு வீட்டில் வயதானவர்கள் இருந்ததால் இடைவேளையில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். நடுவில் இரண்டு மூன்று கதிரைகள் எப்போதும் வெறுமையாகவே கிடக்கும். இரு பக்கத்தாருக்கும் இடையில் பகை எதுவும் இல்லை. திருமணம், மரணம் என்றால் எல்லோரும் ஒன்றாகப் போய் வந்தார்கள். ஆனால் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தால், 'கீழிருந்து சரியாக வருவதில்லை' என்று யன்னல் பக்கமும், 'மேலே போனதும் கைவிட்டுவிடுகிறார்கள்' என்று கதவுப் பக்கமும் சொல்லிக்கொள்ளும். அதுவும் தமக்குள்தான்.

நேரமும் எங்களுக்கு எதிராக இருந்தது. ஆசிரியர் கூட்டங்களைப் பாடசாலை முடிந்த பின்னர் ஒன்றரை மணிக்கு வைப்பதுதான் வழக்கம். ஒன்றே முக்கால் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ் எப்போது வருமென்று உறுதியில்லாத இடத்தில், அந்தப் பதினைந்து நிமிடங்களில் யார் வாய் திறப்பார்கள்? எல்லோரும் கைப்பையைத் தோளில் மாட்டியபடியே உட்கார்ந்திருப்பார்கள். 'அர்ப்பணிப்பு இல்லை' என்று ஆசிரியர்களைக் குறைகூறும் அதிகாரிகளிடம் நான் இப்போதும் சொல்வது இதைத்தான்: அவர்களுடைய நேரசூசியில் ஒன்றாக உட்கார ஒரு பாடவேளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாடசாலை மட்டத்தில் ஆசிரியர் வாண்மை விருத்தி நடைபெற வேண்டும் என்பது சுற்றுநிருபங்களில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அதற்கான நேரத்தை ஒவ்வோர் அதிபரும் எங்கிருந்தாவது வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

2014 முதலாம் தவணைக்கு நேரசூசி தயாரித்தபோது வியாழக்கிழமை எட்டாம் பாடவேளையை வெட்டி எடுத்தேன். முதலாம், இரண்டாம் தரப் பிள்ளைகள் அதற்கு முன்னரே வீட்டுக்குப் போய்விடுவார்கள். மற்றைய வகுப்புகளுக்கு அந்தப் பாடவேளையை வாசிப்புக்கும் விளையாட்டுக்கும் பாட்டுக்குமென்று ஒதுக்கினேன். ஆசிரியர்களில் ஒரு பாதியினர் பிள்ளைகளோடு இருக்க, மறுபாதியினர் ஓய்வறையில் அமர்வார்கள். அடுத்த வாரம் மாறிக்கொள்வார்கள். ஒவ்வொரு பாதியிலும் யன்னல் பக்கத்தாரும் கதவுப் பக்கத்தாரும் கலந்திருக்கும்படி பார்த்துக்கொண்டேன். இரண்டே விதிகள்தான் வைத்தோம். ஒரு பிள்ளையின் கொப்பி மேசையில் இல்லாமல் பேசக் கூடாது. அங்கே பேசியது எதுவும் யாருடைய தனிப்பட்ட கோப்புக்கும் போகக் கூடாது. இரண்டாவது விதி முழுக்க முழுக்க எனக்காக வைக்கப்பட்டது. சித்தி வீதம் வாசித்த கூட்டத்தை எவரும் மறந்திருக்கவில்லை.

முதல் கொப்பியை நான்தான் கொண்டுபோனேன். ஏழாம் தரத்துக்குத் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். 'எனது கிராமம்' என்று கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். இருபத்தாறு பிள்ளைகளில் பெரும்பாலானோர் வயலும் வாய்க்காலும் தென்னந்தோப்பும் நிறைந்த ஓர் ஊரைப் பற்றி எழுதியிருந்தார்கள். வகுப்பறையின் யன்னலுக்கு வெளியே பார்த்தால் தேயிலையைத் தவிர வேறெதுவும் தெரியாது. நான் கொடுத்த மாதிரிக் கட்டுரையிலிருந்து அவர்கள் அந்த ஊரை எடுத்திருந்தார்கள். கொப்பிகளை மேசையில் வைத்து, "இது என் பிழையென்று நினைக்கிறேன், எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை" என்றேன். எவரும் எதுவும் சொல்லவில்லை. அதிபர் ஏதோ பரீட்சை வைக்கிறார் என்று நினைத்திருக்கக்கூடும். அடுத்த முறையும் நானே கொண்டுபோனேன். ஒரு தவணை முழுவதும் வேறெவரும் கொப்பி கொண்டுவரவில்லை. கைவிட்டுவிடலாமா என்று பல தடவை யோசித்தேன். கைவிட்டிருந்தால் பத்தாவது குழுவாக அதுவும் சுவரில் தொங்கியிருக்கும்.

இரண்டாம் தவணை தொடங்கிச் சில நாட்களில், ஹட்டனிலிருந்து வரும் கணித ஆசிரியர் ஆறாம் தரப் பிள்ளையொருத்தியின் கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கொஞ்சம் கோபமாகத்தான் வைத்தார். 402 இலிருந்து 178 ஐக் கழிக்க வேண்டிய கணக்கு. பிள்ளை 376 என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் குறுக்கே கோடு இழுக்கப்பட்டிருந்தது.

"ஆறாம் ஆண்டுக்கு வந்த பிள்ளைக்குக் கழிக்கத் தெரியல, மெடம். இதை நான் எங்கயிருந்து தொடங்குறது?"

அவர் என்னைப் பார்த்துப் பேசினாலும் சொல் போய் விழுந்தது கதவுப் பக்கத்தில்தான். நான்காம் தர ஆசிரியை, இருபது வருடங்களாக அதே பாடசாலையில் கற்பித்துவந்தவர், கையை நீட்டிக் கொப்பியை வாங்கினார். எழுந்து போய்விடுவாரோ என்று நான் அஞ்சினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பின்னாலுள்ள பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு சொன்னார்:

"சேர், இந்தப் புள்ளைக்குத் தெரியாமல்லாம் இல்ல. பாருங்க, எல்லாக் கணக்குலயும் ஒரே மாதிரிதான் செஞ்சிருக்கு. எட்டுல ரெண்டு போனா ஆறு. ஏழுல பூச்சியம் போனா ஏழு. நாலுல ஒண்ணு போனா மூணு. மேல இருக்கிறது எது, கீழ இருக்கிறது எதுன்னு பாக்கல. பெரிய இலக்கத்துல இருந்து சின்ன இலக்கத்த எடுத்திருக்கு."

கணித ஆசிரியர் கொப்பியைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். பத்துக் கணக்குகளில் நான்கு சரி. அந்த நான்கிலும் மேலிலக்கம் கீழிலக்கத்தைவிடப் பெரியது. மற்றைய ஆறும் ஒரே விதியின்படி பிழை. கவனக்குறைவால் பிழைவிடும் பிள்ளை இப்படி ஓர் ஒழுங்கோடு பிழைவிட மாட்டாள். அவளிடம் ஒரு முறை இருந்தது, முறைதான் தவறானது. ஆசிரியை தொடர்ந்தார்.

"ரெண்டுல எட்டுப் போகாது, பக்கத்துல கடன் வாங்குன்னு சொல்லித் தருவோம். இங்க பக்கத்துல பூச்சியம். போன வருசம் ஒரு பய எங்கிட்டக் கேட்டான்: 'பூச்சியத்துக்கிட்டயே ஒண்ணும் இல்ல டீச்சர், அதுக்கிட்டப் போயி எப்படிக் கடன் கேக்குறது?'ன்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

கடைக் கொப்பியில் கணக்கெழுதி மாதம் முழுவதும் சாமான் வாங்கும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் அவர்கள். அந்தப் பையன் கேட்டது மிகவும் நியாயமான கேள்வி. ஐந்தாம் தர ஆசிரியை அப்போதுதான், தாம் 'கடன்' என்று சொல்வதில்லை, 'பத்தை உடைப்பது' என்று சொல்வதாகக் கூறினார். கணித ஆசிரியரோ 'இடப்பெறுமானத்தை மாற்றி எழுதுவது' என்று கற்பித்துவந்திருக்கிறார். மூன்று வருடங்களில், ஒரே பாடசாலையில், ஒரே செயலுக்கு ஒரு பிள்ளை மூன்று பெயர்களைக் கேட்டிருக்கிறாள். அவை ஒரே செயலைத்தான் குறிக்கின்றன என்று அவளுக்கு எவரும் சொல்லவில்லை. எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்த தடவை அந்தப் பாதியினர் கூடியபோது நான்காம் தர ஆசிரியை ஒரு பை நிறைய மிலாறு, அதாவது தேயிலைச் செடியின் குச்சிகள், கொண்டுவந்தார். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து பொறுக்கி, விரலளவாக முறித்து, பத்துப் பத்தாகக் கட்டி, அப்படிப் பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறாகக் கட்டியிருந்தார். நான்கு பெரிய கட்டுகளையும் இரண்டு தனிக் குச்சிகளையும் கணித ஆசிரியரின் முன்னால் வைத்து, "இதுல நூத்தி எழுபத்தெட்ட எடுங்க சேர்" என்றார். அவர் ஒரு பெரிய கட்டை அவிழ்த்தார். பத்துச் சிறிய கட்டுகள் மேசையில் சரிந்தன. அவற்றில் ஒன்றை அவிழ்த்தார். இப்போது மூன்று நூறுகள், ஒன்பது பத்துகள், பன்னிரண்டு ஒன்றுகள். எடுத்தது போக 224 மிஞ்சியது. அவர் சிறிது நேரம் அந்த ஒன்பது கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பூச்சியத்த வெட்டி ஒன்பது போடுன்னு எட்டு வருசமா விதியாத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றார். கோபம் போய்விட்டிருந்தது. மூன்றாம் தரம் முதல் ஆறாம் தரம் வரை எல்லோரும் 'உடைத்தல்' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துவது என்றும், முதலில் மிலாறு, பிறகு எண்சட்டம், அதற்குப் பிறகே கொப்பி என்றும் அன்றைக்கே முடிவானது. அந்த முடிவில் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதைச் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன்.

ஜூடித் வாரன் லிட்டில் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் ஆறு பாடசாலைகளை நெருங்கி ஆராய்ந்து 1982 இல் வெளியிட்ட கட்டுரை, நன்றாக இயங்கும் பாடசாலைகளின் ஆசிரியர்களிடையே நான்கு பழக்கங்கள் இருந்ததைக் காட்டுகிறது. அவர்கள் கற்பித்தலைப் பற்றித் தெளிவாகவும் நுணுக்கமாகவும் பேசுகிறார்கள். ஒருவர் பாடத்தை மற்றவர் உட்கார்ந்து பார்க்கிறார். பாடத்தையும் சாதனங்களையும் சேர்ந்து தயாரிக்கிறார்கள். ஒருவருக்கொருவர் கற்பிக்கவும் செய்கிறார்கள். டிப்ளோமாவுக்காக இதை நான் மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் எங்கள் பாடசாலையில் அது நிகழ்ந்தபோது வரிசை தலைகீழாக இருந்தது. முதலில் நிகழ்ந்தது ஒருவருக்கொருவர் கற்பித்ததுதான், அதுவும் மேல்வகுப்பு ஆசிரியருக்கு ஆரம்பப் பிரிவு ஆசிரியை கற்பித்தது. ஒருவர் பாடத்தை மற்றவர் பார்ப்பதற்கு மேலும் ஓராண்டு பிடித்தது. பின்வரிசையில் ஒருவர் குறிப்பெழுதும் கொப்பியோடு அமர்ந்தால் அது மேற்பார்வை என்றே எங்கள் ஆசிரியர்களின் உடம்பு எடுத்துக்கொள்கிறது, குரல் மாறிவிடுகிறது. ஆகவே, பார்க்கப் போகிறவர் ஆசிரியரைப் பார்க்காமல் முன்கூட்டியே குறித்த இரண்டு பிள்ளைகளை மட்டும் பார்ப்பது என்று வைத்தோம். ஜப்பானிய ஆசிரியர்கள் நூறாண்டுக்கும் மேலாகச் செய்துவரும் பாட ஆய்விலும் பார்வையாளரின் கண் பிள்ளையின் மீதுதான் இருக்கும். அந்த மாற்றம் சிறியதுதான், ஆனால் அதற்குப் பிறகு கதவுகள் திறந்தன. வகுப்பை விட்டு வருபவரின் பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டேன். முதலாம் தரத்தில் ஒரு பாடவேளை தாக்குப்பிடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

இந்த இடத்தில் ஆசிரியர் உதவியாளர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2015 ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு உயர்தரம் படித்த இளைஞர், யுவதிகள் உதவியாளர்களாக நியமிக்கப்பட்டார்கள். மாதக் கொடுப்பனவு தொடக்கத்தில் 6,000 ரூபாய், பின்னர் 10,000 ரூபாய். எங்களிடமும் நால்வர் வந்தார்கள். முழு வகுப்பையும் முழுப் பொறுப்போடு நடத்திய அவர்களுக்கு, ஓய்வறை மேசையின் நடுவில் வெறுமையாகக் கிடந்த கதிரைகளே கிடைத்தன. சம்பளப் பட்டியலில் உதவியாளர், வகுப்பறையில் ஆசிரியர் என்ற இந்த இரட்டை நிலையை வைத்துக்கொண்டு 'நாமெல்லோரும் ஒரே அணி' என்று பேசுவது எனக்குக் கூசியது. கொடுப்பனவை உயர்த்த எனக்கு அதிகாரம் இல்லை. என்னால் முடிந்தவை சில சிறிய காரியங்கள்: எல்லாப் பத்திரங்களிலும் அவர்களை ஆசிரியர் என்றே எழுதினேன், பதில் வகுப்புகளை அவர்கள் தலையில் மட்டும் கட்டும் வழக்கத்தை நிறுத்தினேன், வியாழக்கிழமைகளில் அவர்களை முதலில் பேசச் சொன்னேன். அவர்களில் ஒரு யுவதி, பிள்ளைகள் வராத நாட்களையும் தோட்டத்தில் சம்பளம் போடும் நாட்களையும் ஒரே தாளில் குறித்துக்கொண்டு வந்தார். சம்பளத்துக்கு முந்திய வாரத்தில் குறித்த சில வீடுகளின் பிள்ளைகள் வருவதே இல்லை என்பதை நாங்கள் அந்தத் தாளில்தான் கண்டோம். யன்னல் பக்கத்தாருக்கு அது புதிய செய்தி. கதவுப் பக்கத்தாருக்கு அது தெரிந்த செய்தி. ஆனால் அதுவரை யாரும் அவர்களிடம் கேட்டிருக்கவில்லை.

எல்லோரும் வந்துவிடவில்லை. ஒருவர் கடைசிவரை ஒரு கொப்பியையும் மேசையில் வைக்கவில்லை. நல்ல ஆசிரியர், பிள்ளைகள் அவரை விரும்பினார்கள். அவர் வந்து அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். அவரைக் கட்டாயப்படுத்த வேண்டுமென்று சிலர் என்னிடம் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன், இன்றும் அது சரியென்றே நினைக்கிறேன். வற்புறுத்தி வாங்கும் கொப்பி, ஆகச் சிறந்த பிள்ளையின் கொப்பியாகத்தான் இருக்கும்.

நம்பிக்கை என்ற சொல்லை இவ்வளவு நேரம் தவிர்த்தே எழுதினேன். கூட்டங்களில் அது அளவுக்கதிகமாகப் புழங்கித் தேய்ந்துவிட்டது. ஆனாலும் அதற்கு எண்கள் உண்டு. அந்தனி பிறைக், பார்பரா ஷ்னைடர் ஆகிய இருவரும் சிக்காகோ நகரின் 400 க்கும் மேற்பட்ட ஆரம்பப் பாடசாலைகளின் தரவுகளை ஆராய்ந்து 2002 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆசிரியர், அதிபர், பெற்றோர் ஆகியோருக்கிடையே நம்பிக்கை வலுவாக இருந்த பாடசாலைகளில் இரண்டில் ஒன்று வாசிப்பிலும் கணிதத்திலும் முன்னேறிய பாடசாலைகளின் கூட்டத்தில் சேர்ந்தது. நம்பிக்கை நலிந்திருந்தவற்றில் ஏழில் ஒன்றே அவ்வாறு சேர்ந்தது. மதிப்பு, அக்கறை, தொழிற்றிறன், சொன்னதைச் செய்யும் நேர்மை ஆகிய நான்கையும் மற்றவரிடம் காணும்போது நம்பிக்கை வளர்கிறது என்கிறார்கள். எனக்கு இவற்றில் நான்காவதுதான் மிகக் கடினமாக இருந்தது. கோப்புக்குப் போகாது என்று வாக்களித்திருந்தேன். ஒரு முறை வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி, வியாழக்கிழமைப் பேச்சுகளின் பதிவைக் காட்டும்படி கேட்டார். திகதியும் வருகையும் தலைப்பும் மட்டுமே உண்டு என்று அவற்றைக் காட்டினேன். அவர் திருப்தியடையவில்லை. ஆசிரியர்களுக்கு அது அன்றைக்கே தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் மேசையில் ஒரே நேரத்தில் ஐந்து கொப்பிகள் இருந்தன.

கொவிட் தொற்றினால் 2020 மார்ச் 13 முதல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குக் கைப்பேசியும் இல்லை, இருந்தவர்களுக்கு அலைவரிசையும் இல்லை. பஸ்ஸில் வரும் ஆசிரியர்கள் பயிற்சித் தாள்களைத் தயாரித்துத் தொலைபேசியில் அனுப்ப, தோட்டத்திலுள்ள ஆசிரியைகள் அவற்றைக் கையால் படியெடுத்து லயன் லயனாகக் கொண்டுபோய்க் கொடுத்து, எழுதியவற்றைத் திரும்பச் சேகரித்தார்கள். ஒருவர் தாளை மற்றவர் திருத்தினார். அதற்கு எவரும் தயங்கவில்லை. ஆறு வருடங்களாக மற்றவர் வகுப்புக் கொப்பிகளைப் பார்த்துப் பழகியிருந்தார்கள். 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஆசிரியர், அதிபர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. ஒக்டோபர் வரை அது நீடித்தது. நானும் அதில் இணைந்திருந்தேன். எங்களில் சிலர் இணையவில்லை. பல பாடசாலைகளில் அந்த மாதங்களில் ஏற்பட்ட கீறல் இன்றும் ஆறவில்லை என்று கேள்விப்படுகிறேன். எங்கள் ஓய்வறையிலும் மனத்தாங்கல் இருந்தது. இரண்டு பேர் பல வாரங்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை. அவர்களை மீண்டும் பேச வைத்தது என் சமரசம் எதுவுமில்லை. இருவருக்கும் பொதுவான ஒரு பிள்ளை, பாடசாலை திறந்தபோது தன் பெயரைக்கூட எழுத்துக் கூட்ட முடியாமல் வந்து நின்றாள். அவளுடைய கொப்பியை இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

2022 இல் எரிபொருள் இல்லாமல் பஸ்கள் நின்ற மாதங்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. வர முடிந்தவர்கள் வந்தார்கள், வர முடியாதவர்களின் வகுப்புகளை அவர்களுடைய பாடக்குறிப்புகளைக் கொண்டே மற்றவர்கள் நடத்தினார்கள்.

என்னால் தீர்க்க முடியாமற்போனது இடமாற்றம். ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று பேர் போனார்கள். போகக் கூடாதென்று எப்படிச் சொல்வது? அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு, வயதான பெற்றோர் உண்டு, தினமும் மூன்று மணித்தியாலப் பயணம் உண்டு. ஓர் ஆசிரியர் போகும்போது அவருடைய பாடம் மட்டும் போவதில்லை. எந்தப் பிள்ளை எதற்குப் பயப்படும் என்ற அறிவும் சேர்ந்து போகிறது. அதில் ஒரு பகுதியையாவது தக்கவைக்க, போகிறவர் தமது இடத்துக்கு வருபவரோடு ஒரு வியாழக்கிழமையாவது சேர்ந்து அமரும்படி ஏற்பாடு செய்து பார்த்தேன். பாதித் தடவைகளில் திகதிகள் பொருந்தவில்லை. புதியவர் வருவதற்கு முன்னரே பழையவர் விடுவிக்கப்பட்டுவிடுவார்.

சம்பள நாட்களைத் தாளில் குறித்துவந்த அந்த யுவதி பின்னர் பயிற்சி முடித்து ஆசிரியர் சேவைக்குள் வந்து, சென்ற ஆண்டு பெரியதொரு பாடசாலைக்கு மாற்றலாகிப் போனார். அங்கே ஆரம்பப் பிரிவின் பகுதித் தலைவியாக இருக்கிறார். சில வாரங்களுக்கு முன் இடைவேளை நேரத்தில் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"டீச்சர், இங்க ஒரு பாடவேளை கேட்டு வாங்கிட்டேன். நான்தான் கொப்பி கொண்டு போறேன். எல்லாரும் பாத்துட்டு நல்லாயிருக்குன்னு சொல்லிட்டு எழும்பிப் போறாங்க. நம்ம ஸ்கூல்ல கணக்கு சேர் கொப்பி கொண்டு வந்தாரே, அது எத்தனையாவது வாரம்?"

அந்தத் திகதி எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் பழைய நாட்குறிப்பை எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டு, பதினாறாவது வாரம் என்றேன்.

"எங்களுக்கு இது நாலாவது" என்றார். அப்போது அங்கே மணியடித்தது. அவர் வகுப்புக்குப் போய்விட்டார்.